ஆணியில் தொங்கும் நெற்றிப்பட்டி

போன மாதம் தர்சினி தொலைபேசியில் அழைத்தாள். வவுனியாவில் உள்ள எங்கள் செயற்கைக் கால் நிலையத்தின் வேலைக்கூடத்தை, நான் ஓய்வுபெற்ற பிறகு பொறுப்பேற்றிருப்பவள் அவள்.

"அக்கா, மெசின் வந்திட்டுது. நீங்கள் வந்து பாக்குமட்டும் நாங்கள் தொடமாட்டம்."

"தொடாமல் இருக்கிற ஆக்களோ நீங்கள்? உன்னை எனக்குத் தெரியாதே?"

"ரெண்டு தரம்தான் தொட்டனாங்கள்," என்றாள். "மூண்டாவது தரத்துக்கு வாங்கோ."

அடுத்த நாட் காலையே பேருந்து ஏறினேன். ஸ்கேனர் என்பது பெரிய பெட்டியாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். துணி தேய்க்கும் இஸ்திரிக்கையைவிடச் சிறியதாக இருந்தது. முழங்காலுக்குக் கீழே காலை இழந்த ஓர் இளைஞன் கட்டிலில் அமர்ந்திருந்தான். தர்சினி அந்தக் கருவியை அவனது எஞ்சிய காலைச் சுற்றி, தொடாமல், ஒரு முறை கொண்டுபோனாள். கணினித் திரையில் அந்தக் கால் சாம்பல் நிறத்தில் முளைத்து வளர்ந்தது. எலும்பு துருத்தும் இடம், தசை மெலிந்த பள்ளம், தையல் ஓடிய வரி எல்லாம் அதில் இருந்தன. பிளாஸ்டரைக் குழைத்து, சுற்றி, காயவைத்து, கழற்றி, அரை நாள் மெனக்கெட்டு நான் அறிந்துகொண்டவை அவை. பழைய வேலை போயிற்றே என்று நான் வருந்துவேன் என அங்கிருந்தவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். நானோ குழந்தையைப்போல, "இன்னொருக்கா செய்து காட்டு," என்றேன்.

பிறகு தர்சினியிடம் கேட்டேன்: "இது அவர் நடக்கிற நடையையும் பாக்குமோ?"

"இல்லை அக்கா. நடையை நாங்கள்தான் பாக்கோணும்."

அந்த மறுமொழியும் எனக்குப் பிடித்தது.

நடைப்பயிற்சி அறைக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தார்கள். சுவரில் அடித்திருந்த ஆணி ஒன்றிலிருந்து கழற்றப்பட்ட ஒரு பருத்திப் பட்டி ஜன்னல் விளிம்பில் சுருண்டு கிடந்தது. நடுவில் எண்ணெய்க் கறை படிந்து, இரு முனைகளிலும் கயிறு கட்டிய பட்டி. "இது ஆருடையது அக்கா? எறியிறதோ?" என்று தர்சினி கேட்டாள். எறிய வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். சொன்னேன். சொல்லி முடித்தபோது வெள்ளையடிக்க வந்தவரும் தூரிகையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். இதை எங்கள் நிலையத்தின் ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி அவள் கேட்டாள். அன்று சொன்னதில் விடுபட்டவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தை ஒரு பந்திக்குள் அடக்கிவிடலாம். முரசுமோட்டையில் நெல் விளைவித்த ஒருவரின் மகள் நான். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தேன். கையில் கிடைத்த நூலையெல்லாம் வாசித்தேன். கொழும்பில் செயற்கை அவயவப் பயிற்சிக்கு ஆள் சேர்த்தபோது விண்ணப்பித்தேன். அரம் பிடிக்க வந்த பெண்ணைக் கண்டு அங்கே சிலர் சிரித்தார்கள். உள்ளங்கையில் தோல் உரிந்து, மீண்டும் வளர்ந்து, தடித்தது. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. வவுனியாவுக்கு நியமனம் கிடைத்தது. என் உண்மையான படிப்பு தொடங்கியது அங்கேதான், வேலைக்கூடத்தின் மூத்தவரான ஹனீபா சேரிடம்.

ஹனீபா சேர் முல்லைத்தீவுக்காரர். வள்ளம் கட்டும் தச்சரின் மகன். தொண்ணூறில் தம் முஸ்லிம் சமூகத்தோடு வடக்கைவிட்டு வெளியேற நேர்ந்து, புத்தளத்தில் சில ஆண்டுகள் அகதியாக இருந்து, பிறகு வேலைக்காக வவுனியா வந்தவர். அதைப் பற்றிக் கேட்டால், "மரத்தைவிட்டுப் பிளாஸ்டருக்கு வந்தனான், அவ்வளவுதான்," என்பார். நோயாளியைத் தொடுவதற்குமுன் கைகளை வெந்நீரில் கழுவுவார். குளிர்ந்த கை பட்டால் தசை இறுகிவிடும், இறுகிய தசை பொய் அளவு சொல்லும் என்பது அவருடைய விளக்கம். நோயாளி கதிரையில் இருப்பார். இவர் நிலத்தில் சம்மணமிட்டு அமர்வார். "தொடலாமோ?" என்று கேட்டு, தலையசைத்த பின்பே தொடுவார்.

அவர் வேலை செய்த ஒழுங்கை இன்றைய பிள்ளைகள் அறிய வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஈரமானால் ஊதா நிறத்தில் கசியும் பென்சிலால், எலும்பு வெளிப்படும் இடங்களை எஞ்சிய காலில் குறிப்போம். மேலே ஈரப் பிளாஸ்டர்த் துணியைச் சுற்றுவோம். இறுகிய பிறகு கழற்றினால் ஊதாக் குறிகள் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். அந்தக் கூட்டுக்குள் பிளாஸ்டர்க் கூழை ஊற்றி, அந்தக் காலின் வார்ப்பை எடுப்போம். வார்ப்பை அரத்தால் திருத்துவது அடுத்த வேலை. பாரம் தாங்கக்கூடிய இடத்தில் சிறிது அராவி எடுக்க வேண்டும்; தாங்காத எலும்பின்மேல் சிறிது பூசிச் சேர்க்க வேண்டும். அதன்மேல் சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்தினால், கால் பொருந்தும் கிண்ணம் தயார். கிண்ணத்தையும் பாதத்தையும் ஒரு குழாயால் இணைத்து, சாய்வைத் திருகாணிகளால் சரிசெய்வோம்.

இவ்வளவும் பலருக்குத் தெரிந்த வேலை. ஹனீபா சேருக்கென்று தனியாக இருந்தது அதன் பிறகு வரும் பரிசோதனை. நோயாளி கைபிடிக் கம்பிகளுக்கு நடுவில் நடப்பார். எல்லோரும் காலைப் பார்த்துக்கொண்டிருக்க, சேர் திரும்பி நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடுவார். சீமெந்துத் தரையில் விழும் இரண்டு காலடிகளின் ஓசையைக் கேட்பார். "இடப்பக்கம் அவசரப்படுது," என்பார். "வலது காலுக்கு நம்பிக்கை இல்லை." திருகாணியைக் கால்வாசிச் சுற்றுத் திருப்பச் சொல்வார். இரண்டு ஓசைகளும் ஒரே இடைவெளியில் விழத் தொடங்கியதும், "சரி," என்பார். எங்கள் நிலையத்தில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

என் முதலாவது கால் ஒரு தபாற்காரருக்கானது. அறைக்குள் நன்றாக நடந்தார், 'சரி'யும் கிடைத்தது. மறுநாளே திரும்பி வந்து, "மிஸ், நான் நடந்தோ தபால் குடுக்கிறனான்?" என்று கேட்டார். சைக்கிள் மிதிக்கும்போது பாதம் வழுக்கியது. சேர் தபாற்காரரின் சைக்கிளில் ஏறி முற்றத்தை வலம்வந்தார். பிறகு என்னை ஏறச் சொன்னார். அன்று மாலைக்குள் பாதத்தின் அடியில் ஒரு ரப்பர் வரம்பு ஒட்டினோம். ஒருவர் தம் காலால் என்ன செய்கிறார் என்று கேட்காமல் கால் செய்யக்கூடாது என்பதை அன்று கற்றேன். கற்றுவிட்டேன் என்றே பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன். காத்தாயி அம்மா வந்தது அதன் பிறகுதான்.

போர் முடிந்து, மக்கள் முகாம்களிலிருந்து ஊர்களுக்குத் திரும்பத் தொடங்கியிருந்த காலம். எங்கள் வாசலில் நாள்தோறும் வரிசை. அவர் ஒரு முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். சிறிய உருவம், கூன் விழுந்த முதுகு, வெற்றிலைச் சிவப்பான வாய். கடைசி இடம்பெயர்வில் எறிகணைச் சிதறல் பட்டு வலக் கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டிருந்தது.

"வயசு என்ன ஆச்சி?" என்று கேட்டேன்.

"முகாம் அட்டையில அறுவத்தெட்டுன்னு போட்டிருக்கு. அத எழுதினவரு என் மூஞ்சியப் பாத்து எழுதினாருங்க. அப்ப நா கொஞ்சம் அழகா இருந்தேன் போல."

"உண்மையான வயசு?"

"ஜப்பான்காரன் கொழும்புல குண்டு போட்டான்ல, அன்னிக்குத்தான் தேயிலத் தோட்டத்துல நா மொதமொதலா கொழுந்துக் கூடைய மாட்டினேன். கங்காணி, 'குண்டு இங்கயும் விழும், அதுக்குள்ள ஒரு கூடை எடுத்திரு'ன்னாரு. நீங்க படிச்சவங்க, கணக்குப் பாத்துக்கங்க."

குண்டு விழுந்த நாற்பத்திரண்டில் பத்து வயதுச் சிறுமி என்று கணக்குப் பார்த்தேன். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

பிளாஸ்டர் இறுகும்வரை காலை அசைக்கக்கூடாது, வாயை அசைக்கலாம். காத்தாயி அம்மா அந்த அனுமதியை முழுமையாகப் பயன்படுத்தினார். இந்த நாட்டின் கடந்த நூற்றாண்டைப் பற்றி நான் பல நூல்களை வாசித்திருக்கிறேன். சட்டங்களின் பெயர்களும் ஒப்பந்தங்களில் கையொப்பமிட்டோரின் பெயர்களும் எனக்கு மனப்பாடம். அவை ஒரு மனிதரின் வாசல்வரை வந்து என்ன செய்தன என்பதை அந்தக் கதிரையின் அருகே, நிலத்தில் அமர்ந்து, ஈரக் கையோடு கேட்டபோதுதான் அறிந்தேன்.

"எங்கப்பா ஒரே ஒருக்கா வோட்டுப் போட்டாருங்க. அதுக்குன்னே வெள்ளச் சட்டை தச்சாரு. அடுத்த வோட்டுக்கு அதே சட்டைய தொவச்சு காயப்போட்டாரு. நீங்க இந்தியாக்காரங்க, ஒங்களுக்கு இனிமே கெடையாதுன்னுட்டாங்க. சட்டைய வெட்டித் தம்பிக்கு ரெண்டு சட்டை தச்சோம். துணி வீணாப் போகல."

இன்னொரு நாள்: "அப்புறம் ரெண்டு நாட்டுப் பெரிய மனுசங்களும் பேசி எங்கள பங்கு பிரிச்சாங்க. எங்கக்கா அந்தப் பங்கு, இந்தியாவுக்கு. நா இந்தப் பங்கு. தலமன்னாருக்கு ரயில் ஏத்திவிடப் போனப்ப அவ பொட்டிய நாந்தான் நெத்தியில மாட்டித் தூக்கிட்டுப் போனேன். எறக்கி வைக்கவே மனசில்ல. எறக்கினா ரயில் போயிரும்ல."

அவருடைய மகளும் மணமாகி அந்தப் பங்கோடு போனவள். மகன் இந்த மண்ணில் இறந்துவிட்டான். இவற்றை அவர் ஒரே வரியில் சொல்லி, வெற்றிலை கேட்டார்.

எழுபத்தேழுக் கலவரத்தில், அவர்கள் குடியிருந்த தோட்ட லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். கணவரோடு ஒரு லொறியில் ஏறினார். "எங்கப்பா போறோம்னு டிரைவர கேட்டேன். தமிழ் ஆளுங்க இருக்கிற எடத்துக்குன்னாரு. எறங்கிப் பாத்தா வெறும் காடு. ஆளுங்கள எங்கடான்னா, 'நீங்கதான் அந்த ஆளுங்க'ன்னாரு." ஹனீபா சேர் சிரித்ததில் பிளாஸ்டர் கையிலிருந்து நழுவியது. அந்தக் காட்டை வெட்டி, கண்டாவளைப் பக்கம் அரை ஏக்கர் நிலத்தைப் பண்படுத்தி, பின்னாளில் அதற்கு உரிமப் பத்திரமும் பெற்றார்கள். கணவர் பாலைமரத்தில் ஒரு கதவு செய்து வீட்டுக்குப் போட்டார்.

"லயத்துலயும் கதவு இருந்திச்சுங்க," என்றார் காத்தாயி அம்மா. "கங்காணி தட்டினா தொறக்கணும். தொரை வந்தா தொறக்கணும். முகாம் கூடாரத்துக்குக் கதவே இல்ல, வெறும் துணி. என் வூட்டுக் கதவு மட்டுந்தான், நா சாத்தினா சாத்தினது. எனக்கு அந்தக் கதவுகிட்ட போகணும் தாயி."

அதுதான் சிக்கலும். மீள்குடியேற்றத்துக்குப் பொறுப்பாக இருந்த பெண் உத்தியோகத்தர் ஒருவர் எங்களிடம் வந்தார். கண்ணியமானவர்; காத்தாயி அம்மாவின்மேல் அக்கறையோடுதான் பேசினார். "அவா தனியாள். பக்கத்து வளவில இன்னும் சனம் வரேல்ல. கிணறு வரம்புக்கு அங்கால. நாங்கள் போட்டுக் குடுக்கிற கொட்டிலில இருந்து கிணத்தடிக்குத் தனியப் போய்த் திரும்பி வந்தாவெண்டால் நான் கையெழுத்து வைப்பன். ஏலாதெண்டால் முதியோர் இல்லத்தில இடம் இருக்கு, நல்ல இடம். மாரி மழைக்கு முதல் முடிவு சொல்லோணும்."

நாங்கள் ஒப்புக்கொண்டோம். கிண்ணம் கச்சிதமாகப் பொருந்தியது. எஞ்சிய காலில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. ஆனால் காத்தாயி அம்மாவால் நடக்க முடியவில்லை.

கம்பிகளுக்கு நடுவில் நிறுத்துவோம். எங்கள் நிலையத்தின் முதற் கட்டளையை நான் சொல்வேன்: "தலையை நிமித்துங்கோ, நேரே பாருங்கோ." நடை பழகும் எல்லோரும் நிலத்தைப் பார்ப்பார்கள், பார்த்தால் உடல் வளையும், நடை கெடும். அதனால் ஹனீபா சேர் கம்பிகளின் எதிர்ச்சுவரில் கண் மட்டத்தில் ஓர் ஆணி அடித்து, அதில் ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிட்டிருந்தார். அதைப் பார்த்தபடி நூற்றுக்கணக்கானோர் நடை பழகியிருக்கிறார்கள். காத்தாயி அம்மாவும் கீழ்ப்படிந்து தலையை நிமிர்த்துவார், முதுகை நிமிர்த்துவார், வலக் காலை வைப்பார். பாரம் குதிக்குப் போகும், முழங்கால் மடியும், பின்பக்கம் சரிவார். நான் பிடிப்பேன்.

"அந்தச் சேப்புத் துணிய யாரு மாட்டினது? பல்லக் காட்டிச் சிரிக்குது," என்பார், மூச்சிரைக்க.

"நான்தான் அம்மா," என்பார் சேர்.

"கழட்டுங்க, ஐயா. எனக்கு வெக்கமா இருக்கு."

சேர் திருகாணிகளைத் திருப்பினார். பாதத்தை மாற்றினார். குதியை மென்மையாக்கினார். முதுகைக் காட்டி நின்று கேட்டார். 'அவசரப்படுது' என்றோ 'நம்பிக்கை இல்லை' என்றோ அவர் சொல்லவில்லை. "எனக்கு ஒண்டும் விளங்கேல்ல, புள்ள," என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் முதன்முதலாகக் கேட்டேன். வானம் இருளத் தொடங்கியிருந்தது. உத்தியோகத்தர் ஒருமுறை தொலைபேசியில் விசாரித்தார். வயது காரணம் என்று அறிக்கை எழுதிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. காத்தாயி அம்மா அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்; அன்று அவர் பகிடி எதுவும் விடவில்லை.

அடுத்த நாள் மதியம். சேர் லுஹர் தொழுகைக்குப் பின்னறைக்குப் போயிருந்தார். நான் குசினி வாசலில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில், நிலையத்திலேயே தங்கியிருந்த காத்தாயி அம்மா தம் துணிகளைத் துவைத்து முடித்திருந்தார். அவர் அருகே ஈரத்துணி நிறைந்த ஒரு சாக்குப் பை. இரண்டு கைகளிலும் ஊன்றுகோல் இருக்க, இதை எப்படிக் கொண்டுபோகப் போகிறார் என்று எண்ணி, உதவிக்கு இறங்கப்போனேன்.

அவர் என்னை எதிர்பார்க்கவில்லை. சேலைத் தலைப்பைச் சுருட்டி உச்சந்தலையில் வைத்தார். சாக்கின் கயிற்றைத் தலையின் முன்புறத்தில், நெற்றிக்குச் சற்று மேலே மாட்டினார். குனிந்து, முதுகில் பையை ஏற்றி, எழுந்தார். கைகள் இரண்டும் விடுபட்டன. ஒரேயொரு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, மற்றதைச் சுவரோடு சாய்த்துவிட்டு, கொடிக் கயிற்றை நோக்கி நடந்தார். நாங்கள் செய்த அந்தக் காலால்தான். முழங்கால் மடியவில்லை. முற்றத்து மணலில் இரண்டு தடங்களும் ஒரே அளவு இடைவெளியில் விழுந்தன.

தேநீர்க் கோப்பையை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. பின்னறை வாசலுக்கு ஓடினேன். சேர் தொழுதுகொண்டிருந்தார். அந்தச் சில நிமிடங்கள் நான் வாசலில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றதைப்போல, பரீட்சை முடிவுக்குக்கூட நின்றதில்லை.

பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தவர், "என்ன புள்ள, மூச்சு வாங்குது? நெருப்புக் கிருப்புப் பிடிச்சிட்டுதோ?" என்றார்.

"சேர், அவாவை நாங்கள் நிமிரச் சொன்னதுதான் பிழை. அவா நிமிர்ந்து நடக்கப் பழகேல்ல. சின்ன வயசில இருந்து கூடையோடதான் நடை பழகியிருக்கிறா."

"கூடை," என்றார். பிறகு வேகமாக நடக்கத் தொடங்கினார்.

நிலையத்தில் கொழுந்துக் கூடைக்கு எங்கே போவது? பிளாஸ்டர்த் துணிச் சுருள்கள் போட்டுவைத்திருந்த பிரம்புக் கூடையைக் கவிழ்த்துக் காலியாக்கினோம். செயற்கைக் கால் கழன்றுவிடாமல் தொடையோடு சேர்த்துக் கட்டும் பருத்திப் பட்டி எங்களிடம் சுருள் சுருளாக இருந்தது. அதில் ஒரு துண்டை வெட்டி, முனைகளில் கயிறு கோத்து, கூடையில் கட்டினேன்.

காத்தாயி அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பூப்பறிக்கிற கூடை. சாமிக்குக் கொண்டுபோறதா?" என்றாலும் கை தானாகவே பட்டியின் நீளத்தைச் சரிசெய்தது. "வெறுங்கூடை முதுகுல நிக்காது. எதையாச்சும் போடுங்க."

கைக்கெட்டிய பாரம் அலுமாரித் தட்டில் இருந்த பிளாஸ்டர் வார்ப்புகள்தான். யார் யாருடையவோ எஞ்சிய கால்கள். ஒன்று, இரண்டு என்று சேர் எடுத்துக் கூடைக்குள் வைத்தார்.

"இன்னும் ஒண்ணு போடுங்க ஐயா. கொழுந்து நல்லா வெளஞ்ச நாளு," என்றார் காத்தாயி அம்மா.

மூன்றாவதையும் வைத்தார். சிவப்புத் துணியைத் தாமே போய்க் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார். பிறகு வழக்கம்போலச் சுவர்ப்பக்கம் திரும்பி, கண்ணை மூடினார்.

காத்தாயி அம்மா நிலத்தைப் பார்த்தார். உடலை முன்னே சாய்த்தார். அவர் முதுகில் வேறு மூன்று மனிதரின் கால்கள். முதலடி விழுந்தது. அடுத்தது. கம்பியைப் பிடித்திருந்த கைகள் மெல்லத் தளர்ந்து, கம்பியை விட்டு, முன்னால் இல்லாத தேயிலைச் செடிகளின்மேல் இருப்பதைப்போல இடுப்புயரத்துக்கு உயர்ந்தன. டக், டக், டக். கம்பிகளின் முடிவுக்கு வந்து, திரும்பி, மறுபடியும் நடந்தார். சேரின் தோள்கள் அசைவதைக் கண்டு, இருமுகிறார் என்று எண்ணினேன். திரும்பியபோது கன்னம் ஈரமாக இருந்தது. "சரி," என்றார். "அல்லாஹ்வே, சரி."

அதன் பிறகு நடந்தது வேலை. நான் செய்த வேலைகளிலேயே மனம் அதிகம் துள்ளிய வேலை. கூடையோடு அவரைப் பக்கவாட்டாக நிறுத்தி, அருகே ஒரு தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டோம். அவர் உடலின் பாரம் உண்மையில் எங்கே இறங்குகிறது என்று சுண்ணக்கட்டியால் தரையில் கோடிட்டோம். நிமிர்ந்து நிற்கும் மனிதருக்கென நாங்கள் வைத்திருந்த பாதம், அந்தக் கோட்டுக்கு மிகவும் பின்னால் கிடந்தது. பாதத்தை ஒரு விரலகலம் முன்னே நகர்த்தினோம். கிண்ணத்தை முன்பக்கமாகச் சாய்த்தோம். எண்பது வயது முதுகைக் காலுக்கு ஏற்றபடி திருத்தப் பார்த்தோம் இதுவரை. இப்போது காலை அந்த முதுகுக்கு ஏற்றபடி திருத்தினோம். நாளுக்கு ஒரு வார்ப்பாகக் கூடையிலிருந்து குறைத்தோம். மூன்று, இரண்டு, ஒன்று, வெறுங்கூடை. முதுகில் எடை குறையக் குறைய, அதன் வேலையைக் கால் எடுத்துக்கொண்டது.

மழைக்கு முந்திய வாரத்தில் நிலைய வண்டியில் புறப்பட்டோம். புளியங்குளத்தில் தேநீர் குடிக்க இறங்கியபோது, காத்தாயி அம்மா தேநீரை முகர்ந்து பார்த்து, "இது தூளு இல்ல, கூட்டி அள்ளின குப்பை. என் கையால எடுத்த கொழுந்தெல்லாம் எங்கதான் போச்சோ," என்று கடைக்காரருக்குக் கேட்கும்படி சொன்னார். கடைக்காரர் வேறொரு தேயிலைப் பேணியைத் திறந்தார்.

கண்டாவளையில் அந்தப் பெண் உத்தியோகத்தர் ஏற்கெனவே வந்து நின்றார். பழைய வீடு இல்லை. தகரக் கூரையும் சீமெந்து நிலமுமாக ஒரு தற்காலிகக் கொட்டில் போட்டிருந்தார்கள். ஆனால் வளவின் முட்கம்பி வேலிக்கருகில் கிடந்த பாலைமரக் கதவை யாரோ கண்டெடுத்து அந்தக் கொட்டிலுக்குப் பொருத்தியிருந்தார்கள். காத்தாயி அம்மா வண்டியில் இருந்தபடியே அதைப் பார்த்தார்.

இறங்கி, கூடையை எடுத்து மாட்டப்போனார். உத்தியோகத்தர் மென்மையாகத் தடுத்தார்.

"பாரத்தோட வேண்டாம் அம்மா. சும்மா நடக்க ஏலுமோ எண்டதைத்தான் நான் பாக்கோணும்."

நான் சேரைப் பார்த்தேன். அறைக்குள் வெறுங்கூடையோடு நடந்திருக்கிறார். கூடையே இல்லாமல், கரடான வரம்பின்மேல் ஒருபோதும் நடந்ததில்லை. காத்தாயி அம்மா கூடையைக் கீழே வைத்தார். குனிந்து, அதன் பட்டியை மட்டும் அவிழ்த்தார். சுருட்டிய தலைப்பின்மேல் அதைப் போட்டுக்கொண்டார். இரு முனைகளும் முதுகில் வெறுமனே தொங்கின.

"அது எதுக்கு அம்மா?" என்றார் உத்தியோகத்தர்.

"நீங்க கைப்பை இல்லாம ரோட்டுல நடப்பீங்களா? அது மாதிரித்தான்."

உத்தியோகத்தர் தம் தோளில் தொங்கிய பையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டார். "சரி, போங்கோ."

போனார். வரம்பில் ஏறும்போது ஒருமுறை தள்ளாடினார். என் கால்கள் தாமாக முன்னே எழ, சேர் என் முன்கையைப் பிடித்தார். "தனியப் போகோணும் புள்ள. இல்லாட்டி எண்ணமாட்டினம்." காத்தாயி அம்மா உடலைச் சாய்த்தார், நெற்றிக்கு மேலே பட்டியை ஒரு கையால் இழுத்துப் பிடித்தார், அங்கே பாரம் இருப்பதைப்போல. வரம்பில் ஏறினார், இறங்கினார். கிணற்றுக் கட்டைத் தொட்டார். தொட்டதும் திரும்பிவிடுவார் என்று எண்ணினோம். அவர் வாளியை இறக்கி, தண்ணீர் அள்ளி, முகத்தைக் கழுவி, வாயைக் கொப்புளித்து, நாங்கள் நிற்கிறோம் என்ற நினைவே இல்லாதவர்போல ஒரு வாய் குடித்தார். பிறகு, வந்த வழியே திரும்பினார். திரும்பும்போது தள்ளாடவில்லை.

உத்தியோகத்தர் பேனாவை எடுத்துவிட்டார். "அம்மா, இதில கதிரை இருக்கு, இருங்கோ," என்றார். காத்தாயி அம்மா கதிரையைக் கடந்தார். எங்களையும் கடந்தார். கொட்டில் வாசலில் நின்று, பட்டியைத் தலையிலிருந்து எடுத்து என் கையில் தந்தார்.

"இது ஒங்க ஆஸ்பத்திரி சாமான். எனக்குப் போதும். மலையில கூடை தூக்கின பொம்பள இன்னும் எவளாச்சும் வருவா. வந்தா, நிமிரச் சொல்லி அவள சாகடிக்காதீங்க."

அப்படி வந்தவர்கள் உண்டு. மலையிலிருந்து வந்தவர்கள் மட்டுமல்லர். தோளில் காவு தடியோடு கடலுக்கும் சந்தைக்கும் நடந்தவர்கள், நெற்கட்டுச் சுமந்தவர்கள், இடுப்பில் குடம் வைத்தே வளர்ந்த பெண்கள் எல்லோரும் வந்தார்கள். அந்த நாளுக்குப் பிறகு எங்கள் நிலையத்தில் முதற் கட்டளை மாறியது. அது ஒரு கேள்வியாயிற்று: "நீங்கள் என்ன தூக்கினனீங்கள், எப்பிடித் தூக்கினனீங்கள்?" சிவப்புத் துணி இருந்த ஆணியில் அந்தப் பட்டி ஏறியது. தர்சினி, வெள்ளை காய்ந்ததும் அதை அங்கேயே மாட்டிவிடு. ஸ்கேனர் காலைப் பார்க்கட்டும்; அந்தக் கேள்வியை நீங்கள் கேளுங்கள்.

பட்டியைத் தந்துவிட்டுக் காத்தாயி அம்மா உள்ளே போனார். வாசலில் திரும்பி எங்கள் எல்லோரையும், வண்டிச் சாரதி உட்பட, ஒருமுறை பார்த்தார்.

"வெளிய நில்லுங்க. நா கூப்பிட்டப்புறம் உள்ள வரலாம்."

பாலைமரக் கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ் விழும் ஓசை கேட்டது. அரச உத்தியோகத்தர், நான், சாரதி, எல்லோரும் வெயிலில் நின்றோம். முதல் மழைக்கான காற்று வயலிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. ஹனீபா சேர் மட்டும் கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கண்ணை மூடிக்கொண்டார்.

உள்ளே, சீமெந்து நிலத்தில், காலடிகள் அடுப்படி நோக்கிப் போயின. டக், டக், டக். அங்கே சற்று நின்றன. பிறகு ஜன்னல்வரை போயின, திரும்பின, சுவரோரமாக ஒரு சுற்று வந்தன. அவருக்கு எந்த அவசரமும் இல்லை.

"கேக்குதோ, புள்ள?" என்றார் சேர்.

"ஓம் சேர்."

அவர் அந்தச் சொல்லைச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கண்ணைத் திறக்காமல், கேட்டுக்கொண்டே நின்றார்.